முருங்கை மாத்திரையில் ஈயம்

நான் ஒரு வாயாடி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் செய்த ஒரு காரியமே போதும். அதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஆரணியில் வேன் ஏறினால் ஆய்வகம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்யாறு பக்கம் வயல்களுக்கு நடுவில் கண்ணாடி வைத்த கட்டடம். அங்கே என் வேலை, சத்து மாத்திரைகளில் விஷ உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மூலிகை என்று எது வந்தாலும் அதில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மாத்திரையை இடித்துப் பொடியாக்கி, நிறுத்து, நைட்ரிக் ஆசிட்டில் போட்டு, அதற்கென்று இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீராகக் கரைந்துவிடும். அதைக் குழாய்களில் ஊற்றி அடுக்கி வைப்பதோடு மனிதர் வேலை முடிந்தது. பிறகு மெஷினின் ஊசி தானாகவே ஒவ்வொரு குழாயிலும் இறங்கும், உறிஞ்சும், தன்னைக் கழுவிக்கொள்ளும், அடுத்த குழாய்க்கு நகரும். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதி குழாய்களின் கணக்கு திரையில் வந்திருக்கும். நூறு கோடியில் ஒரு பங்கு ஈயம் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மெஷின்மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நானே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி அதைப் பற்றி வீட்டில் பேசுவேன். என் கணவர் தறியில் உட்கார்ந்தபடி உம் கொட்டுவார். வீட்டில் இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் மாமனார். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை வெறும் கையால் தொட்ட பெண்களை நான் அழ வைத்திருக்கிறேன். மாத்திரை எந்தப் பாத்திரத்தில் வந்தது, மூடி என்ன மூடி, முத்திரை உடைந்திருந்ததா என்று கேட்காமல் ஒரு மாதிரியையும் உள்ளே விடமாட்டேன்.

நாத்தனார் ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அங்கே கொடுத்த இரும்பு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விழுங்கியதும் வாந்தி. அதனால் முருங்கைக்கீரை மாத்திரை வாங்க ஆரம்பித்தாள். அதைச் செய்து விற்றவர் காலனியில் இருந்த ஒரு அக்கா. பெரணமல்லூர் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். களை பறிக்கவும் நாற்று நடவும் போய்க்கொண்டிருந்தவர், மகளிர் குழுவில் பயிற்சி எடுத்து, கடன் வாங்கி, மாத்திரை அச்சடிக்கும் சின்ன மெஷின் ஒன்றைத் தன் ஓட்டு வீட்டிலேயே போட்டிருந்தார். வெள்ளைப் புட்டி, பச்சை லேபிள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து சோர்ந்துபோகிற பெண்களுக்கு அது பிடித்திருந்தது.

அவர் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார். "உங்க லேப்ல ஒரு தபா பாத்து குடுப்பீங்களாம்மா, கடைங்கள்ல காட்டலாம்" என்றார். அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கான டெஸ்ட், உங்களுக்குக் கட்டுப்படி ஆகாதுக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. சொன்ன தோரணைதான் சரியில்லை.

பிறகு நாத்தனாருக்கு அடிக்கடி வயிற்று வலி என்றதும் எனக்கு அந்த மாத்திரைமேல் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காலை வேனுக்கு ஓடும் அவசரத்தில், அவள் நூல் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஆறு மாத்திரைகளை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். அன்றைய வரிசையில் கடைசியாக ஒரு குழாய் காலியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதில் சேர்த்துவிட்டேன். அதுவே தப்பு, அந்தத் தப்பை நான் தெரிந்தேதான் செய்தேன்.

சாயங்காலம் திரையில் கடைசி வரியில் ஈயத்தின் எண்ணைப் பார்த்ததும் இன்னொரு தடவை படித்தேன். அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு. பக்கத்திலேயே ஆன்டிமனி என்ற இன்னொரு உலோகமும் எக்கச்சக்கமாகக் காட்டியது. கீரையில் அது அப்படி ஏறி வர வழியே இல்லை. இதை என் கீழ் வேலை செய்யும் பெண் கவனிக்காமல் விட்டிருந்தால் அன்று முழுக்கத் திட்டியிருப்பேன். நானோ பார்த்தேன், தாண்டிப் போய்விட்டேன். ஏனென்றால் காரணம் எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பஸ் ரோட்டோரம் கீரையைக் காயப் போட்டிருப்பார், வண்டிப் புகை படிந்திருக்கும், எதில் இடித்தாரோ, எந்தத் தண்ணீரோ. அவர் எங்கே காய வைக்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்தது போலவே இருந்தது.

வேனிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தை, அதாவது என் மாமியார், பதறிப்போய்த் தெருவுக்கு வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம் என்றால் என்ன, குழந்தையின் மூளையை அது என்ன செய்யும், எங்கள் மெஷின் எப்படிப்பட்ட மெஷின் என்று வகுப்பெடுத்தேன். அவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுத முடியாது. அன்றைக்கே தெருவில் பல வீட்டுப் புட்டிகள் குப்பைக்குப் போயின.

மறுநாள் அந்த அக்கா வந்தார். உள்ளே வரவில்லை, வாசல்படிக்குக் கீழே நின்றார். நானும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ஈயம் இருக்குதுன்னு சொன்னீங்களாமே. எந்த புட்டிம்மா அது? எப்ப வாங்கனது? பேப்பரு இருந்தா குடுங்க, நான் இன்னா தப்பு பண்ணனேன்னு பாக்கறேன்."

காகிதம் ஏது? திருட்டுத்தனமாகப் பார்த்த டெஸ்ட். காகிதம் எல்லாம் தரமாட்டோம், மெஷின் பொய் சொல்லாது என்றேன். அவர் விடாமல் மறுபடி எந்தப் புட்டி என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எந்த புட்டியா இருந்தா இன்னாக்கா? எல்லாம் ஒரே கைல செஞ்சதுதானே."

அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைக்காரர்கள் புட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். கேட்டவர்களிடம் அவர் தன் மாத்திரையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மெஷினை மூடிவிட்டு, களம்பூர் ரைஸ்மில்லில் அரிசி புடைக்கப் போகிறார் என்றார்கள். என் வேன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது சாப்பாட்டுப் பையோடு அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பாவம் என்று தோன்றும். கூடவே, ஒரு குழந்தையைக் காப்பாற்றினோமே என்றும் தோன்றும். நாத்தனாருக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்திருந்தது. குழந்தையைப் பார்க்க வருபவர்களிடமெல்லாம் அத்தை என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கால்வலிக்கு மாத்திரை எடுத்துக் கொடு என்றார். ஆஸ்பத்திரியில் உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை. ராட்டைக்குப் பக்கத்தில் இருந்த அதே தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். மாத்திரையின் விளிம்பில் பென்சில் கிறுக்கியது போல ஒரு சாம்பல் கோடு. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இருந்தது. டப்பாவின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் கருப்பாக ஒட்டிக்கொண்டது.

இந்த டப்பாவில் முன்பு என்ன இருந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"பழைய ஜக்கார்டு பொட்டிய பிரிச்சப்ப அந்த ஈயக் குச்சிங்கள அதுலதான் போட்டு வெச்சிருந்தோம். எடைக்கு போட்டுட்டு, துணியால தொடச்சி வெச்சேனே. இன்னாத்துக்கு கேக்கற?"

சேலையில் பூவும் யாளியும் எழுப்புவதற்குத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டிதான் ஜக்கார்டு. அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான நூல்களும் தளராமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எடை கட்டுவார்கள். எங்கள் வீட்டுப் பழைய பெட்டிக்கு அது ஈயத்தில் இருந்தது, பென்சில் கனத்தில் சின்னச் சின்னக் குச்சிகள். கெட்டியாக இருக்க ஈயத்தோடு ஆன்டிமனி கலப்பார்கள். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். நெசவு வீட்டில் எந்த டப்பாவும் சும்மா இருக்காது என்பதும் தெரியும். ஒன்று காலியானால் இன்னொன்று அதில் ஏறிவிடும். நாத்தனாருக்குப் புட்டியின் மூடியை அழுத்தித் திருகித் திறப்பது பேஜாராக இருந்ததாம். மாத்திரையை மொத்தமாக அந்த டப்பாவில் கொட்டிவைத்துக்கொண்டு நூல் சுற்றியிருக்கிறாள். அதிலிருந்துதான் நான் ஆறு மாத்திரைகளை எடுத்துப் போனேன்.

மறுநாள் டப்பாவைத் துடைத்த பஞ்சை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். இந்த முறை மேலதிகாரியிடம் கேட்டுவிட்டே பார்த்தேன். ஊசி இறங்கியது, உறிஞ்சியது. ஈயத்துக்கும் ஆன்டிமனிக்கும் இருந்த விகிதம் போன வருடம் பார்த்ததேதான். ஈயம் எங்கள் வீட்டில் இருந்தது. நாத்தனார் தினமும் அதைத்தான் விழுங்கியிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் மாத்திரையை நிறுத்தியதால் தப்பித்தாள், அவ்வளவுதான். அவளையும் குழந்தையையும் அத்தையையும் வேலூருக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்த்தோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

அந்த அக்காவிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. தெருவில் ஈயம் என்று கத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யாருக்கும் தெரியாது, மெஷினுக்கும் எனக்கும்தான் தெரியும். முடிந்துபோனதைக் கிளறாதே, நம் வீட்டு மானம்தான் போகும் என்றார் அத்தை. அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் போனேன். அவர் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. கூடத்தில் நைலான் சேலைகளைக் குறுக்கே கட்டியிருந்த கயிறுகள் இன்னும் இருந்தன. கீரையை வீட்டுக்குள்ளே நிழலில், சேலைமேல் பரப்பித்தான் காய வைத்திருக்கிறார். மெஷின் மூலையில் சாக்கு போர்த்தி நின்றது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஈயக் குச்சி, ஆன்டிமனி, எதையும் விடவில்லை. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"தெருவுல சொன்னீங்க இல்ல, அதே மாதிரி இதையும் எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

மாதாமாதம் எங்கள் வார்டு மகளிர் குழுக்கள் எல்லாம் சமுதாயக் கூடத்தில் கூடும். அந்த மாதம் அவரையும் வரச்சொன்னேன். அவர் கதவோரம் உட்கார்ந்தார். நான் எழுந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். நான் முடித்ததும் முன்னால் இருந்த ஒரு பெண், எங்கள் வீட்டிலும் பழைய ஜக்கார்டு குச்சி கிடக்கிறதே, அந்த டப்பாவில்தானே பெருங்காயம் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். இன்னொருத்தி தன் வீட்டில் குழந்தைகளின் மாத்திரையே அப்படித்தான் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், செருப்பு மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அவரவர் வீட்டு டப்பாவைப் பார்க்கிற அவசரம். ஒரு பத்து நிமிடத்தில் கூடம் காலியாகிவிட்டது. கதவோரம் உட்கார்ந்திருந்தவரிடம் நின்று ஒரு வார்த்தை பேசியவர் யாரும் இல்லை.

ஆனால் எனக்கு லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்ற எண்ணம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மறுபடி மாத்திரை போடுங்கள், நானே எங்கள் ஆய்வகத்தில் முறைப்படி டெஸ்ட் செய்து காகிதம் வாங்கித் தருகிறேன் என்றேன். இந்த முறை தோரணை எல்லாம் இல்லை, நிஜமாகவே ஆசையோடுதான் சொன்னேன்.

அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இரண்டு பக்கக் காகிதம், மடிப்பு விழுந்து ஓரம் பழுத்திருந்தது. எங்கள் ஆய்வகத்தின் அறிக்கை. நான் தெருவில் கத்தியதற்கு இருபது நாள் கழித்து வந்த தேதி. முதல் பக்கத்தில் அவர் பெயரும் முகவரியும். இரண்டாம் பக்கத்தில் நான்கு உலோகங்களின் பெயரும், நேர் எதிரே எண்களும். எல்லாம் அளவுக்குள், ஈயம் இல்லை என்றே சொல்லிவிடலாம். கீழே என் பெயரும் கையெழுத்தும்.

மூன்று புட்டியை முத்திரை உடைக்காமல் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவரே வந்து கொடுத்திருக்கிறார். அன்று நான் அதே கட்டடத்தில் மாடியில் இருந்திருப்பேன்.

இதைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"கையெழுத்து போட்டவங்களே தெருவுல நின்னுகினு ஈயம் ஈயம்னு சொல்லிகினு இருந்தா, இந்த காயிதத்த எடுத்துகினு நான் யாருகிட்ட போவேன்? நல்லா தெரிஞ்சிகினேதான் சொல்றாங்கன்னு நெனச்சிகினேன்."

எனக்குத் தெரியாது என்று பதறினேன். ஆய்வகத்தில் எங்களுக்கு மாத்திரை யாருடையது என்று தெரியாது. கீழே அலுவலகத்தில் பெயரையும் லேபிளையும் எடுத்துவிட்டு ஒரு எண் மட்டும் ஒட்டி மேலே அனுப்புவார்கள், முருங்கை மாத்திரை பல கம்பெனிகளிலிருந்தும் வரும். நாங்கள் பாரபட்சம் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நான் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், முதல் பக்கத்தைப் பிறகு அலுவலகம் சேர்த்து அனுப்பும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தியமாக இது உங்களுடையது என்று தெரியாதுக்கா என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, புரிந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"அப்ப வெறும் நம்பரா வந்தப்ப ஒழுங்கா பாத்துகீறீங்க. என்னுதுன்னு தெரிஞ்சப்பதான் டப்பாவ கூட பாக்கலம்மா."

களம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். இத்தனை நாள் நான் டப்பாவின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மாத்திரைகளைக் கவரில் போட்டபோதே எனக்கு முடிவு தெரிந்திருந்தது. மெஷினிடம் நான் கேட்டது எவ்வளவு என்று மட்டும்தான்.